எந்தப் பாண்டி?

மதுரை வண்டியூரில் நின்று "ஏ, பாண்டி!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு தலையாவது திரும்பும். பக்கத்து மேலமடையில்தான் பாண்டி கோயில் இருக்கிறது, பெயருக்கா பஞ்சம்? "யார் வீட்டுப் பாண்டி?" என்று கேட்டால்தான் ஆள் தெளியும்.

ஜாவாவிலும் இதே கேள்விதான். ஓடும் நிரலுக்கு ஒரு கிளாஸ் தேவைப்பட்டால், அதை ஜார் கோப்பில் தேடி எடுத்துவருவது கிளாஸ்லோடர். கிளாஸின் பெயரும் அதை ஏற்றிய லோடரும் சேர்ந்ததே அதன் அடையாளம். 1998-இல் வந்த ஜாவா 1.2 முதல் கிளாஸைத் தேடுவதில் ஒரு குடும்ப முறை உண்டு: லோடர் முதலில் அப்பாவைக் கேட்கும், அவர் தாத்தாவைக் கேட்பார். மேலே யாரிடமும் இல்லையென்றால்தான் தன் வீட்டில் தேடும்.

மேவன் என்ற பில்ட் கருவியில் ஒவ்வொரு பிளகினுக்கும் தனிக்குடித்தனம். ஒன்றுக்குப் பழைய நூலகம் வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது; ஒரே வீட்டில் வைத்தால் சண்டைதான். மேவன் பிளகின் கொஞ்சம் ரோஷக்காரன்: மேவன் கொடுக்கும் சில பொதுக் கிளாஸ்கள் போக, மற்றவற்றைச் சொந்த வீட்டில் தேடிவிட்டுத்தான் பெரியவர்களிடம் போவான்.

என் வேலையில் ஒருமுறை, இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் பில்ட் உடைந்தது. ஒரு கிளாஸை அதே கிளாஸாக மாற்ற முடியாதாம்! பெயரில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. டீமனை நிறுத்தி, கேஷை அழித்து, அரை நாள் வீண். பிழைச் செய்தியின் வாலை நான் படிக்கவேயில்லை. ஜாவா 11-இலிருந்து லோடர் விவரமும் அங்கே வரும். இரண்டு லோடர்களுக்கும் பெயர் ஒன்று. '@' குறிக்குப் பின்னால் இருந்த எண்கள் வேறு வேறு. இரண்டு துணைத் திட்டங்கள் ஒரே பிளகினைத் தனித்தனியாக இழுத்திருந்தன. வேர்த் திட்டத்தின் பிளகின் பட்டியலில் ஒருமுறை எழுதி, 'அப்ளை ஃபால்ஸ்' போட்டதும் இருவருக்கும் ஒரே லோடர்.

'நோ சச் மெத்தட் எரர்' வேறு வகைப் பிழை. கிளாஸ் கிடைத்துவிட்டது, ஆனால் வேறு பதிப்பு. தேடும் மெத்தட் அதில் இல்லை. மேவன் என்றால் 'எம்விஎன்' கட்டளையோடு '-எக்ஸ்' சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு பிளகின் வீட்டிலும் எந்தெந்த ஜார், எந்தப் பதிப்பு என்று கொட்டிவிடும். நீண்ட பட்டியல்தான். சந்தேகப்படும் நூலகத்தின் பெயரை அதில் தேடி, பதிப்பு எண்ணைப் பாருங்கள்.