இடைவெளி கூடியும் வலிக்கும் மூட்டு

அக்ரோமெகலி நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூட்டு வலி உண்டு. பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோயல்லாத ஒன்று, வளர்ச்சி ஹார்மோனை வரம்பு மீறிச் சுரப்பதே நோயின் வேர். 1886இல் இதற்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாரி. பெரும்பாலும் வளரும் வயது முடிந்தபின் வருவதால் உயரம் கூடாது. கை, பாதம், தாடை போன்றவை பெருக்கும்.

வளர்ச்சி ஹார்மோனும், அதன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளும் முதலில் குருத்தெலும்பைத் தடிக்கச் செய்கின்றன. சுற்றியுள்ள திசுக்கள் வீங்கும். மூட்டைப் பிணைக்கும் நார்கள் தளரும். சாதாரண மூட்டுத் தேய்மானத்தில் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகித் தெரியும். இங்கே அது அகன்றிருக்கும். முழங்கால் வலி என்று வந்தவரின் படம் இப்படி இருந்தால், மோதிரம் இறுகியதா, செருப்பின் அளவு கூடியதா என்று கேட்பது நல்லது. பலருக்கு அந்தக் கேள்வி வருவதற்குள் வலி மாத்திரையிலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

தடித்த குருத்தெலும்பு வலுவானதன்று. மூட்டின் வடிவம் மாறியதால் பாரம் ஒரே சீராக இறங்காது. குருத்தெலும்பில் வெடிப்பு விடும், புண்ணாகும். ஓரங்களில் எலும்பு முளைகள் கிளம்பும். முழங்கால், இடுப்பு மட்டுமல்ல, பாரம் தாங்காத தோள்மூட்டும் தப்புவதில்லை. முதுகெலும்புக்கு வரும் ஆபத்து இன்னும் நயவஞ்சகமானது: எலும்பு அடர்த்திச் சோதனை இயல்பாக இருக்கும்போதே முள்ளெலும்பு நொறுங்கலாம். மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயண்டுக்குச் சிறுவயதிலேயே நோய் தொடங்கியதால் உயரமும் ராட்சதமாகக் கூடியது. 1987இல் வெளியான ‘தி பிரின்சஸ் பிரைட்’ படத்தில், முதுகு வலி காரணமாக அவரால் கதாநாயகியைத் தாங்க முடியவில்லை. கம்பி கட்டித்தான் படமெடுத்தார்கள்.

மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போவதும் சகஜம். சிகிச்சைக்கு விரைவில் இணங்கும் தொல்லைகளில் இதுவும் ஒன்று.

ஐ.ஜி.எஃப்-1 இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் நோயைக் காட்டிக்கொடுக்கும். மூக்கு வழியாகக் கட்டியை அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. மிச்சமிருந்தால் ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் ஊசிகள், பெக்விசோமன்ட், தேவைப்பட்டால் கதிர்வீச்சு. ஹார்மோன் கட்டுக்குள் வந்ததும் திசு வீக்கம் வடியும், தடித்த குருத்தெலும்பும் ஓரளவு மெலியும். ஆனால் வெடித்த குருத்தெலும்பும் முளைத்த எலும்பும் பழைய நிலைக்குத் திரும்பா. இரத்த அளவு சரியானபின்னும் வலி நீடிப்பது அதனால்தான். அப்போது வலி நிவாரணி, பிசியோதெரபி, கடைசியில் மூட்டு மாற்று அறுவை. அதற்கு முன் மயக்க மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிட வேண்டும்: பெருத்த நாக்கும் தடித்த தொண்டையும் சுவாசக் குழாய் செருகுவதைக் கடினமாக்கும்.