பாக்கெட்டின் பின்பக்கம்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஒரு காலத்தில் வரகும் கம்பும் விளைந்தன. இன்று அங்கே எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். கதிர் ஒடித்து, அடித்து, மூட்டை பிடித்தால் லாரி நாமக்கல் பக்கம் போகிறது, கோழித் தீவனத்துக்கு. அந்தச் சோளம் முட்டையாகவும் பிராய்லராகவும் மாறி, அரியலூர்ப் பக்கத்து விக்கிரமங்கலம் போன்ற ஊர்களின் கடைத்தெருவுக்கே சிக்கன் ரைஸாகத் திரும்பி வருகிறது. விதைத்தவர் வாய்க்கு அது வந்து சேர்வதற்குள், அவர் பார்க்காத எத்தனையோ கைகள் மாறிவிடுகின்றன.

வரகஞ்சிக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று பசி இருந்தது. ஆனால் சோறு வெந்த பானையை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். என்ன எண்ணெய், எவ்வளவு உப்பு, எப்போது ஆக்கியது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று கேட்டால்தான் தெரியும். கேட்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் கொடுத்திருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் கேட்பவர்தான் குறைவு.

சாப்பாடு மாறியதோடு நோயும் மாறியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு, ஏறக்குறைய ஏழு பெரியவர்களில் ஒருவர். உட்கார்ந்து வேலை பார்க்கும் நகரத்து ஆட்களின் நோய் என்று நாம் நினைத்திருந்தது இப்போது வயலில் வேலை செய்பவர் வீட்டிலும் மாத்திரை டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது.

இதில் வாயடக்கம் இல்லாதவர் என்று சாப்பிடுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்டபோது ஒவ்வொருவரும் நாளுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 0.9 கிலோ எடை ஏறியது. மெல்ல அதிகம் வேலையில்லாத உணவு வேகமாக உள்ளே போய்விடுகிறது. வயிறு நிறைந்தது என்று மூளை அறிவதற்குள் பாக்கெட் காலி. பிரித்த பாக்கெட்டைப் பிள்ளை முடிக்காமல் வைப்பதில்லை என்றால், அது பிள்ளையின் குற்றமல்ல.

அதனால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். முன்பக்கத்துக் கோதுமைக் கதிரும் பழப் படமும் விளம்பரம், விவரம் பின்பக்கத்தில்தான். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. ‘கோதுமை பிஸ்கட்’டில் மைதா முதலிலும் சர்க்கரை அடுத்தும் நின்றால் அது என்ன பிஸ்கட் என்று தெரிந்துவிடும். சத்து விவரம் பெரும்பாலும் 100 கிராமுக்கு இருக்கும். பாக்கெட்டின் எடைக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும். நாலு கிராம் சர்க்கரை என்பது ஒரு தேக்கரண்டி. ‘சோடியம்’ என்ற எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கலர் பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். 250 மில்லி குடித்தாலே ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்பட்ட 25 கிராமைத் தாண்டிவிடும். குடிப்பது எட்டு வயதுப் பிள்ளை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பொடிப் பொட்டலங்களில் சேர்மானமும் சத்து விவரமும் அச்சிட வேண்டியதில்லை. அவை அடுக்கி வந்த பெரிய உறையில் இருந்தால் போதும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மிட்டாய்களை வாங்குவது பெரும்பாலும் பிள்ளைகள். அவர்களுக்குத்தான் விவரம் மறைக்கப்படுகிறது. பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் பெரிய உறையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டச் சொல்வதில் தவறேதும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. விளம்பரமும் செய்யக் கூடாது. 2020இல் வந்த விதி இது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதை எழுப்பலாம், கிராம சபையில் தீர்மானமும் போடலாம். கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்காமல், வேர்க்கடலை, சுண்டல், கொய்யா விற்கச் சொல்லிப் பேசிப் பார்ப்பதுதான் முதல் வழி என்பது என் எண்ணம்.

மெல்லக் கொல்வது ஒருபுறம் இருக்க, ஒரே இரவில் உயிரெடுப்பதும் உண்டு. 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நம் மக்காச்சோளம் போகிற அதே நாமக்கல். கம்பியில் குத்திய இறைச்சிக் குவியலின் வெளிப்பக்கம்தான் தீயில் வேகிறது; உள்ளே வெதுவெதுப்பாகக் கிடக்கும் சதை கிருமி பெருகத் தோதான இடம். அதோடு தொட்டுக்கொள்ளும் மயோனைஸ் பச்சை முட்டையில் அடித்தது. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது இதனால்தான். ஆபத்து இறைச்சியில் மட்டும் இல்லை. திருவிழாப் பஞ்சுமிட்டாயின் ரோஜா நிறத்துக்குத் துணிச்சாயமான ரோடமின்-பி கலந்தது தெரிந்து 2024 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது. பஜ்ஜி போடும் எண்ணெய் கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகைந்தால் அது திரும்பத் திரும்பக் காய்ந்தது என்று அறிந்துகொள்ளலாம்.

சரி, ஏதாவது நடந்துவிட்டால்? முதலில் பில். 2022 தொடக்கத்திலிருந்து உணவுக் கடைகளின் பில்லில் 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண் இருக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்துக்கும் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் உண்டு. மாநிலத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. படம் எடுத்து அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பலருக்குத் தெரியாதது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. சந்தேகம் வந்தால் நாமே கட்டணம் கட்டி, வாங்கிய உணவை அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உணவு சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று அறிக்கை சொன்னால் கட்டணம் திரும்ப வரும். 65ஆம் பிரிவு இழப்பீடு பற்றியது: உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. இறந்தவர் குடும்பத்துக்கு 30 நாளுக்குள் இடைக்கால நிவாரணம் தர வேண்டும். இது தவிர, 2 ஆண்டுக்குள் அரியலூர் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இத்தனைக்கும் ஆதாரம் வேண்டும். வாந்தி பேதியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, மிச்சமிருக்கும் பொட்டலத்தை முடிச்சுப் போட்டு, முடிந்தால் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டது என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். போகிற வழியில் கடையில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் வாங்கிக் கொடுக்காதீர்கள். பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பெயரில் விற்ற அந்தப் பானங்களில் அந்தச் சொல்லையே எடுக்கும்படி 2025 அக்டோபரில் ஆணையாயிற்று. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி உறையை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.