ஒளியும் உயிரணுவும் – 7: முதலில் நிற்பது எது?

சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குத் தரப்படும் கார்போகரிசியிலும், நைல் ஆற்றுப் பகுதியில் விளையும் அம்மி மேஜஸ் செடியிலும் இருப்பவை சோரலென் குடும்பத்து வேதிப்பொருட்கள். வெளிச்சம் படாதவரை இவை டிஎன்ஏவை வெட்டுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. 1940களில் கெய்ரோவில் எல் மொஃப்தி என்ற மருத்துவர் இவற்றை வெயிலோடு சேர்த்து வெண்புள்ளிக்குக் கொடுத்தார். 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் பாரிஷும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சோரியாசிஸுக்குச் சோரலென் மாத்திரையையும் புற ஊதா ஏ விளக்கையும் இணைத்தார்கள். இது வேலை செய்வதற்கு அன்று சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: தோலணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன, டிஎன்ஏ பழுதானால் பெருக்கம் நிற்கும். இந்த விளக்கம் பாதிதான் சரி என்பது என் கருத்து. பிரிவதற்கு முன்பே, அன்றாட வேலைக்காக அணு ஆர்என்ஏ தயாரிக்கிறதே, அது நின்றுபோவதைக் கணக்கில் கொள்ளாமல் சோரலெனைப் புரிந்துகொள்ள முடியாது.

சோரலென் தட்டையான மூலக்கூறு. ஒரு தைமினும் ஓர் அடினினும் அடுத்தடுத்து வரும் இடத்தில், டிஎன்ஏ ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே அது நுழைந்து படுத்துக்கொள்ளும். புற ஊதா ஏ கதிர் பட்டதும் அதன் ஒரு முனை பக்கத்துத் தைமினோடு பிணைகிறது. ஃப்யூரான் முனை பிணைந்திருந்தால் மூலக்கூறு மறுபடி ஒளியை உறிஞ்ச முடியும்; அப்போது மறுமுனை எதிர் இழையின் தைமினைப் பிடித்து, இரண்டு இழைகளையும் ஒன்றாகத் தைத்துவிடும். ஆர்என்ஏவைத் தயாரிக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் நகர வேண்டுமானால் இழைகள் பிரிந்தாக வேண்டும். தையல் விழுந்த இடத்தில் அவை பிரியாது. நொதி அங்கேயே நிற்கும், பின்னால் வருபவையும் நிற்கும். இதில் மரபணுவின் நீளம் பெரிய விஷயம். ரைபோசோம் ஆர்என்ஏவின் மூலப்படி சுமார் 13,000 எழுத்துகள். தசைக்கான டிஸ்ட்ரோஃபின் மரபணுவோ 20 லட்சத்தைத் தாண்டும், அதை ஒருமுறை படியெடுக்கவே சுமார் 16 மணி நேரம் ஆகும். எழுத்துகள் கூடக் கூட, வழியில் எங்காவது ஒரு பழுது குறுக்கிடும் வாய்ப்பும் கூடும்.

ஆர்என்ஏ உற்பத்தியை அளக்க, கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய யூரிடினை அணுவுக்குக் கொடுத்து, எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பது வழக்கம். இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சோரலென் அணுச்சவ்வையும் புரதங்களையும் கூடத் தாக்கும். யூரிடின் உள்ளே போவதே குறைந்திருக்கலாம் அல்லவா? குறைந்திருக்கலாம். ஆனால் அப்படியென்றால் எல்லா ஆர்என்ஏவும் ஒரே அளவில் குறைய வேண்டும். 1970களில் சாவர்பையர் குழுவினர், டிஎன்ஏவில் இதேபோன்ற தடைகளை உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கொண்டு செய்த ஆய்வுகளில், மரபணுவின் தொடக்கத்துக்கு அருகிலிருந்த பகுதிகள் தப்பின. தொலைவிலிருந்தவை அதிகம் அடிபட்டன. இந்தச் சரிவைச் சவ்வின் கோளாறு உண்டாக்க முடியாது. தையலின் பங்கைத் தனியாகப் பிரிக்கவும் வழி உண்டு. ஒருமுறை ஒளி காட்டி, ஒட்டாத சோரலெனைக் கழுவிவிட்டு, மீண்டும் ஒளி காட்ட வேண்டும். புதிதாக மருந்து எதுவும் இல்லை. ஒற்றைப் பிணைப்புகள் தையலாக மாறுகின்றன. அணுக்களின் சாவு கூடுகிறது.

இன்னும் வலுவான சான்று பிரியாத அணுக்களிடமிருந்து வருகிறது. 1987இல் எடல்சன் குழு தோலில் தோன்றும் டி-அணுப் புற்றுக்கு, இரத்தத்தின் வெள்ளணுக்களை வெளியே எடுத்துச் சோரலெனும் ஒளியும் கொடுத்துத் திருப்பி உடலில் ஏற்றியது. அந்த வெள்ளணுக்களில் உள்ள லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை பிரியாமல் ஓய்ந்திருப்பவை. ஆனாலும் ஓரிரு நாளில் தாமாகவே மடிகின்றன. பெருக்கத்தை மட்டும் காரணம் காட்டினால் இதற்கு விளக்கமே இல்லை. 1996இல் லுங்மனும் ஜாங்கும் புற ஊதாக் கதிரை வைத்து முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது: வழிமறிக்கப்பட்ட பாலிமரேஸே அணுவுக்குச் சாவு அறிவிப்பாகிறது.

அணுதான் பழுதைச் சரிசெய்துகொள்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது, ஆனால் ஒரே சீராக அல்ல. ஹனவால்ட்டின் ஆய்வகம் 1980களில் காட்டியபடி, படியெடுக்கப்படும் மரபணுக்களே முதலில் பழுது நீங்குகின்றன. காக்கெய்ன் நோய்க்குறி என்னும் மரபுவழி நோய் உள்ளவர்களின் அணுக்களில் புற ஊதாவுக்குப் பிறகு மொத்தப் பழுதுநீக்கம் ஏறக்குறைய இயல்பாக இருந்தும், ஆர்என்ஏ உற்பத்தி மீள்வதில்லை. மறுதலையாக, ஆர்என்ஏ மீண்டுவிட்ட அணுவும் மற்ற இடங்களில் பழுதைச் சுமந்தபடியே பிரியக்கூடும். சோரலெனும் புற ஊதா ஏ விளக்கும் சேர்ந்த சிகிச்சையை நெடுங்காலம் எடுத்துக்கொண்டவர்களிடம் தோலின் செதிள் அணுப் புற்று கூடுதலாகக் காணப்படுகிறது; அதனால்தான் ஒருவருக்கு வாழ்நாளில் எத்தனை முறை விளக்கு காட்டப்பட்டது என்று தோல் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

(தொடரும்)