பிள்ளைகளின் பல்லுக்கு ஃபுளோரைடு வார்னிஷ்

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். சொத்தை வலியில் இரவெல்லாம் அழும் பிள்ளைக்கு அது ஆறுதலாகாது.

இனிப்பு உண்டபின் வாயிலுள்ள கிருமிகள் உண்டாக்கும் அமிலம் எனாமலைக் கரைக்கிறது. பல் மருத்துவர் சிறு தூரிகையால் தடவும் வார்னிஷ், பல்லின்மேல் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து தங்கும். அமிலம் சேரும்போது அதிலிருந்து ஃபுளோரைடு சிறுகச் சிறுகக் கசிந்து, கரைந்த இடத்தில் உமிழ்நீரின் கால்சியம் மீண்டும் படிய உதவும். குழி விழுந்த பல்லை இது மூடாது. அடைத்துத்தான் ஆக வேண்டும்.

பொதுவாக ஆண்டுக்கு இருமுறை தடவுவார்கள். அன்றிரவு பல் துலக்க வேண்டாம். முறுக்கு போன்ற கடினமான பண்டங்களையும் தவிர்க்கவும்.

நம்மில் பலருக்கு எழும் கேள்வி, அதில் ஆல்கஹால் உண்டா என்பது. சிலவகை வார்னிஷ்களில் கரைப்பானாக எத்தனால் சேர்க்கப்படுகிறது. பூசியபின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மனம் ஒப்பாதவர்கள் உட்பொருள்களை மருத்துவரிடம் கேட்டறிந்து, ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுச் சிகிச்சையையே கைவிடுவதுதான் எங்களுக்கு வருத்தம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் கறை விழுவது வேறு விஷயம். அது பல் உருவாகும் வயதில் நெடுநாள் குடித்ததால் வருவது. அத்தகைய ஊர் நீரைக் குடிக்கும் பிள்ளை என்றாலும், ஆஸ்துமா, பிசின் ஒவ்வாமை இருந்தாலும், பூசுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.