பல்லி யாருக்குச் சொல்கின்றது?

குறுந்தொகை 16ஆம் பாட்டைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பொருள் தேடப் பிரிந்த தலைவன் பாலைவழியே செல்கின்றான். அங்கே கள்ளி படர்ந்த காட்டில், சிவந்த கால்களையுடைய பல்லியொன்று தன் துணையை அழைக்கின்றது. ஆறலைகள்வர் அம்பு முனையை நகத்திற் புரட்டிப் பார்க்கும் ஓசை போன்றது அவ்வழைப்பு என்கின்றார் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அதனைக் கேட்டால் தலைவர் எம்மை நினையாரோ என்பதே பாட்டின் கருத்து.

அவ்வேளை வகுப்பறைச் சுவரிலும் ஒரு பல்லி ஒலித்தது. மாணவர் சிலர் வழக்கம்போல விரலால் மேசையைத் தட்டினர். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இது எமக்குச் சொல்கின்றதா, தன் துணைக்கா?" என்று வினவினாள்.

விலங்கு நூலார் விடை தெளிவானது. ஊர்வனவற்றுட் பல குரலற்றவை. பல்லியினத்துக்கோ குரல்நாண் உண்டு. துணையை அழைக்கவும், தன் எல்லையிற் புகும் பிற ஆணை விரட்டவும் அது ஒலிக்கின்றது. அதன் கண்ணுக்கு இமையில்லை. நாவினால் நக்கித் தூய்மை செய்துகொள்ளும். பகை பற்றினால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். சுவரில் அதனைத் தாங்குவது பசையன்று. விரலடியிலுள்ள எண்ணிறந்த நுண்மயிர்களுக்கும் சுவருக்கும் இடையிலான மூலக்கூற்று ஈர்ப்பே என்பதை 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. எல்லாப் பல்லிக்கும் இவ்வமைப்பு இல்லை. எங்கள் மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவையிலிருந்து 2007இல் புதிய இனமாக விவரிக்கப்பெற்ற நெமாஸ்பிஸ் கல்லிமா என்னும் பகற்பல்லி, நகத்தாற் பற்றியே பாறையேறும்.

கம்மடுவை என்றதும் நெஞ்சு கனக்கின்றது. என் அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவருக்கு நோய் கடுமையென்று ஆள் வந்து சொன்னான். புறப்பட்டு வாசற்படியிற் கால் வைத்தேன், பல்லி ஒலித்தது. "சகுனம் சரியில்லைத் தம்பி, நாளைக்குப் போகலாம்" என்றார் அம்மா. நற்றிணை 98இல், தினைப்புனம் நாடிவந்த காட்டுப்பன்றி பல்லிச் சொற்கேட்டு மெல்லத் திரும்பும். அப்பன்றிபோல் நானும் திரும்பினேன். மறுநாட் போனபோது அக்கா கண்மூடியிருந்தார். அம்மாவை நான் குறைகூறேன். அப்போது பண்டிதர் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தவன் நானல்லவா?

"தன் துணைக்குத்தான் அம்மா சொல்கின்றது" என்று மாணவிக்கு விடையளித்தேன். சான்றோர் இரண்டையும் பாடினர். நான் பன்றியின் பாட்டை மட்டும் வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டேன். இப்பொழுதெல்லாம் பல்லி ஒலிக்கக் கேட்டால், என்னை எதிர்பார்த்திருப்பவர் எவரேனும் உளரோ என்றே எண்ணுகின்றேன்.