பேய் இல்லை சார்... காதல்!

தர்மபுரிக்காரன் என்று சொன்னால் போதும், ஆபீஸில் உடனே இரண்டு கேள்வி வரும். 'ஒகேனக்கல்ல மீன் வறுவல் எப்படி?', 'உங்க ஊர்ப் பக்கம் பேய் ஜாஸ்தியாமே?'

மீன் வறுவல் பிரமாதம். பேய் விஷயத்துக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை. ஏனென்றால் சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட புலவர் ஒருவர் இப்படி ஒரு கேஸைப் பாட்டாக எழுதி வைத்துவிட்டார்.

ஔவையார்! தர்மபுரியின் அந்தக் காலத்துப் பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனி கொடுத்தானே, அந்த ஔவை. (ஆத்திசூடி ஔவை பிற்காலத்தவர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சங்கப் பாட்டுக் காதல் தினைப்புனத்தில் ஆரம்பிக்கும். பெண் கிளி விரட்டிக்கொண்டிருப்பாள். பையன் வந்து, 'இந்தப் பக்கம் ஒரு யானை வந்துச்சா?' என்பான். யானையைத் தொலைத்தவன் மூஞ்சியா அது? அவளுக்குத் தெரியாதா!

அடுத்தது ராத்திரி சந்திப்பு. அதற்கு சிக்னல் உண்டு. மரத்தில் தூங்குகிற பறவையைக் கலைப்பான், குளத்தில் கல்லை எறிவான். வம்பு இங்கேதான். காற்றில் ஒரு காய் தானாகவே தண்ணீரில் விழும். 'வந்துட்டார்' என்று இவள் ஓடி வருவாள். ஆள் இல்லை! ஏமாந்து திரும்பிப் போன பிறகு ஐயா வந்து நிஜ சிக்னல் கொடுப்பார். 'மறுபடியும் காத்துதான்' என்று அவள் அசையமாட்டாள். அவனுக்கும் கோபம், அவளுக்கும் கோபம். இதற்குத் தொல்காப்பியத்தில் பெயரே இருக்கிறது: அல்லகுறிப்படுதல். நம் மிஸ்டு காலுக்கு முப்பாட்டன்!

விளைவு? சோறு இறங்கவில்லை, வளையல் கழல்கிறது, நெற்றியில் பசலை. அம்மா பயந்துபோய்க் கட்டுவிச்சியைக் கூப்பிடுவாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்து, 'முருகன் பிடிச்சிருக்கான்' என்பாள். உடனே வேலன் வருவான். ஆட்டுக்குட்டியை வெட்டி, விடிய விடிய ஆடுவான். இதுதான் வெறியாட்டு. இதைப் பாடியே பெயர் வாங்கியவர் வெறிபாடிய காமக்கண்ணியார்.

அகநானூறு 22-ம் பாட்டு அவருடையது. ராத்திரி, காவலை ஏமாற்றிவிட்டுக் காதலன் வந்து சேர்கிறான். பெண்ணுக்கு உயிர் வருகிறது. சம்பந்தமே இல்லாத வேலனுக்கு இத்தனை தடபுடலா என்று அவளுக்குச் சிரிப்பு. (ஃபைலை முடித்தது கிளார்க், மாலை மேனேஜருக்கு. நமக்குத் தெரியாத கதையா!)

நற்றிணை 34-ல் தோழி முருகனையே பிடித்துக்கொள்கிறாள். இது உன் வேலை இல்லை என்று தெரிந்தும், கூப்பிட்டால் வந்து நிற்பதா? சாமியாக இருந்தும் இத்தனை அசடா?

ஔவையின் பாட்டு குறுந்தொகை 23. குறி சொல்ல வந்தவள் ஒவ்வொரு மலையாகப் பாடிக்கொண்டே போகிறாள். ஒரு மலை வந்ததும், தோழி மெதுவாகச் சொல்கிறாள்: அந்த மலைப் பாட்டை இன்னொரு தரம் பாடேன். அது அவனுடைய மலை! அம்மாவுக்குப் பொறி தட்டினால் போதும். இப்படிக் காதலை வீட்டுக்குத் தெரிவிப்பதற்குப் பெயர் 'அறத்தொடு நிற்றல்'. ஆமாம் சார், அறம்!

இதெல்லாம் பழங்கதை இல்லை. தென்னாற்காட்டுக் கிராமங்களில் பேயோட்டுவதை ஆராய்ந்து இசபெல் நபோகோவ் எழுதிய புத்தகம் 2000-ல் வந்தது. பிடிக்கிற பேய் பெரும்பாலும் காதல் தோல்வியில் செத்த வாலிபன், பிடிபடுவது பெரும்பாலும் புதுசாகக் கல்யாணமான பெண் என்கிறார்.

நானே சின்ன வயதில் எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். ப்ளஸ் டூ படிக்கிற பெண். உடுக்கைச் சத்தம், வேப்பிலை அடி. 'யார் நீ? எந்த ஊரு?' என்று பேயை அத்தனை பேர் விசாரித்தார்கள். 'உனக்கு என்னம்மா கஷ்டம்?' என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. ஊரில் ஒரு பையன் மட்டும் அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

தம்பிகளே, சிக்னல் கொடுப்பது நீங்கள், வேப்பிலை அடி அவளுக்கா? சங்ககாலத் தோழி காதலனிடம் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: ஒளிந்து வந்தது போதும், வீட்டுக்கு வந்து பெண் கேள். பெண்ணைப் பெற்றவர்களே, நீங்களும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணிடம் கொஞ்சம் பேசுங்கள்.

இல்லாவிட்டால், பாவம், அந்த ஆட்டுக்குட்டி என்ன செய்தது?