பல் போனால் சொல் போகும்... விலங்குகளுக்கு என்ன போகும்?

'பல்லு போனா சொல்லு போச்சு' என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். மனிதர்களுக்குப் பல் போனால் பேச்சு குழறும், அவ்வளவுதான். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிடலாம், பல் செட்டும் கட்டிக்கொள்ளலாம். விலங்குகளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதன் உணவுக்கேற்ற பல். அது கெட்டால் சாப்பாடு போகும், கூடவே உயிரும் போகும்.

மாட்டுக்கு மேல் முன்பல் இல்லை

சந்தையில் மாட்டின் வாயைப் பிரித்து, 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு' என்று வயதைக் கணக்கிடுவார்கள். அவர்கள் எண்ணுவது கீழ்த்தாடையின் முன்பற்களை மட்டும்தான். மேலே முன்பல்லே கிடையாது. கெட்டியான ஈறுதான் இருக்கும். புல்லை நாக்கால் வளைத்து, கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து இழுத்து அறுக்கிறது மாடு. அரைக்கும் வேலைக்கு உள்ளே 24 கடைவாய்ப்பற்கள். அசைபோடும்போது கவனியுங்கள், தாடை பக்கவாட்டில் நகரும். ஆட்டுக்கல் சுற்றுவது மாதிரிதான்.

புலிக்குக் கத்தரிக்கோல்

புலியின் தாடை மேலும் கீழும்தான் அசையும். அதனால் அரைக்க முடியாது. நீண்ட கோரைப்பற்களால் இரையின் கழுத்தைக் கவ்வும். கடைவாய்ப்பற்கள் கத்தரிக்கோல் போலச் சதையை வெட்டித்தர, துண்டு துண்டாக விழுங்கும்.

அந்தக் கோரைப்பல் உடைந்தால்? 1907-ல் இன்றைய உத்தரகாண்டின் சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலியை ஜிம் கார்பெட் சுட்டார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது 436 பேரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். இறந்த புலியின் வாயைப் பார்த்தபோது, வலதுபக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதி இல்லை, கீழ்ப் பல் எலும்புவரை போயிருந்தது. எப்போதோ பட்ட துப்பாக்கிக் குண்டுதான் காரணம். காட்டு விலங்குகளை வேட்டையாட முடியாமல் போனதால்தான் புலி மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு.

யானைக்கு ஆறு செட்

யானையின் தந்தம் கோரைப்பல் அல்ல, மேல் முன்பல். சாப்பிட உதவுவது கடைவாய்ப்பற்கள்தான். ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீனியை அரைப்பதால் அவை சீக்கிரம் தேயும். தேய்ந்த பல்லைப் பின்னாலிருந்து வரும் புதுப் பல் முன்னோக்கித் தள்ளும். இப்படி வாழ்நாளில் ஆறு செட், மொத்தம் 24 பற்கள்.

ஏழாவது செட் கிடையாது. அறுபது வயதைத் தாண்டும்போது கடைசிப் பல்லும் தேய்ந்துவிடும். அரைபடாத தீனி செரிக்காது. உடல் மெலிந்து, சுற்றிலும் மரமும் புல்லும் இருக்க, யானை பட்டினியால் இறக்கும். முதுமலை தெப்பக்காடு முகாமில் ராகியையும் கொள்ளையும் வேகவைத்து உருண்டையாக ஊட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஊட்ட ஆள் இருந்தால் பல் தேய்ந்த யானையும் இன்னும் கொஞ்ச காலம் வாழும்.

உங்கள் வீட்டு முயலுக்கு?

முயலுக்குப் பிரச்னை நேர் எதிரானது. அதன் பற்கள் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். புல்லையும் வைக்கோலையும் மென்றுகொண்டே இருந்தால்தான் அளவாகத் தேயும். பிரெட், பிஸ்கட், கேரட் என்று மட்டுமே கொடுத்தால் கடைவாய்ப்பல் முள்ளாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வலியில் முயல் சாப்பிடாது. ஒரே ஒரு நாள் பட்டினிகூட அதற்கு ஆபத்து.

பூனைக்கும் பால் சாதம் மட்டும் போதாது. அது சின்னப் புலி, அதே 30 பற்கள்தான். இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

தீனியை முகர்ந்துவிட்டு விலகுவது, எச்சில் வழிந்து தாடை நனைந்திருப்பது, ஒரு பக்கமாகவே மெல்லுவது... இவையெல்லாம் பல் வலியின் அறிகுறிகள். பார்த்தால் தள்ளிப்போடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.